பழைய பென்ஸ் காரை முதியோர் இல்லத்துக்குக் குடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயசு 71, திருகோணமலை உவர்மலையில இருக்கிறன். ஹார்ட்வெயார் கடை நடத்தினனான், இப்ப கடைக் கட்டடத்தை வாடகைக்குக் குடுத்திட்டன், அந்த வாடகையும் பாங்க் வட்டியும்தான் வருமானம். 1994ம் ஆண்டு பென்ஸ் ஈ220 கார் ஒண்டு இருக்கு. 2001ல லீசிங் போட்டு எடுத்தது, காசு கட்டி முடிச்சு கன வருசமாச்சு. பார்வை குறைஞ்சதால ஓடுறதில்ல, கராஜிலயே நிக்குது. விக்க மனமில்ல, வாங்கிறவன் துண்டு துண்டா கழட்டி வித்துப்போடுவான் எண்டு பயம். கிட்ட இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்கு தர்மமாக் குடுக்கலாமெண்டு நினைக்கிறன். நியூ ஜெர்சியில இருக்கிற மகள் சொல்றா, அங்க பழைய காரை சரிட்டிக்குக் குடுத்திட்டு வரியில கழிக்கலாமாம். இஞ்சயும் அப்பிடி ஏலுமா? என்ன பேப்பர் செய்யோணும்?

பதில்: ஐயா, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். இருபது வருசத்துக்கு மேல வீட்டில ஒரு ஆள் மாதிரி வச்சிருந்த காரை சும்மா விட மனம் வராதுதான், அதை நாலு பேருக்குப் பிரயோசனப்படுற மாதிரி விடோணும் எண்டு நினைக்கிறீங்களே, அந்த எண்ணத்துக்கு முதல்ல கும்பிடு. ஆனா கணக்காளரா, அதுவும் இப்பிடியான இல்லங்களின்ட கணக்குப் புத்தகங்களைப் பாக்கிற ஆளா நான் நேராச் சொல்றன்: காரைக் குடுக்காதீங்கோ. காரை வித்து, காசைக் குடுங்கோ. ஒரேயொரு நிலைமையில மட்டும்தான் காராவே குடுக்கிறது சரி, அதைக் கீழ சொல்றன்.

ஏன் எண்டா, இல்லங்களுக்குக் கஷ்டம் வாறது வாகனம் வாங்கிறதில இல்ல, வச்சிருக்கிறதிலதான். யானையை வாங்கிறது லேசு, தீனி போடுறதுதான் கஷ்டம் எண்டு சொல்லுவாங்களே, அதேதான். உங்கட டபிள்யூ124 (உங்கட ஈ220 வாற பென்ஸ் மொடலின்ட பேர்) அருமையான கார், அதில கதையே இல்ல, அந்தக் காலத்தில பென்ஸ்காரன் செய்ததில பலமானது எண்டு கராஜ்காரரே சொல்லுவாங்கள், ஆனா 1994ம் ஆண்டு ஈ220 எண்டா அந்த எஞ்சினுக்கு ஒரு பேர்போன பிரச்சினை இருக்கு, 90களின்ட முதல் பாதியில செய்த வண்டிகள்ல எஞ்சின் வயரிங்கின்ட மேல் உறை காலம் போகப் போக தானாவே உதிர்ந்து கொட்டும், பிறகு வயருக்கு வயர் முட்டி வண்டி ஒருநாள் நல்லா ஓடும் மற்றநாள் ஸ்டார்ட்டே ஆகாது. உங்கட வண்டிக்கு அது மாத்தியிருக்கோ எண்டு பில்லைத் தேடிப் பாருங்கோ, மாத்தியிருந்தா விக்கேக்க அந்த பில்லுக்கே ஒரு மதிப்பு இருக்கு. மற்றது ஏசி. இந்த மொடல்ல உள்ளுக்க இருக்கிற கூலிங் கொயில் ஓட்டையானா டாஷ்போர்ட் முழுசையும் கழட்டினாத்தான் அதைத் தொடவே ஏலும், சாமானை விட கூலி கூட வரும். கியர்பொக்ஸ், சஸ்பென்சன் புஷ், எஞ்சின் மவுண்ட் எல்லாத்துக்கும் சாமான் கிடைக்கும், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அதுக்குக் கொழும்புக்குப் போன் அடிச்சுக் கேட்டு பஸ்ல ஏத்தி விடச்சொல்லிக் காத்திருக்கோணும், திருகோணமலையில இந்த வண்டியில கைவச்சுப் பழகின பாஸ்மார் கனபேர் இல்ல.

இதையெல்லாம் நீங்க உங்கட கையால செய்துகொண்டு வந்ததால பாரமாத் தெரிஞ்சிருக்காது. இல்லத்தில ஆர் செய்யிறது? அங்க ஒரு மேட்ரன், சமையலுக்கு ரெண்டு மூண்டு பேர், கமிட்டியில வேற வேற வேலையில இருக்கிற ஆக்கள். மாசாமாசம் அரிசிக் கடைக்கும் பாமசிக்கும் கட்டுறதுக்கே ஆரும் பிறந்தநாளுக்கு சாப்பாடு குடுக்க வருவாங்களா எண்டு பாத்துக்கொண்டிருக்கிற இடம். நான் பாக்கிற கணக்குகள்ல ‘வாகனப் பராமரிப்பு’ எண்ட ஒரு வரி இருக்கும், தர்மமா வந்த பழைய வாகனம் நிக்கிற இடத்தில அந்த வரி மருந்து வரியை விடப் பெரிசா இருக்கிறதைப் பாத்தா வயிறு எரியும் ஐயா, ஏனெண்டா குடுத்தவரும் நல்ல மனசோடதான் குடுத்தவர், வாங்கினவங்களும் வேண்டாம் எண்டு சொல்லக் கூச்சப்பட்டுத்தான் வாங்கினவங்கள். பெரிய மனுசர் ஒருத்தர் பென்ஸ் குடுக்கிறார் எண்டா கமிட்டியில ஆர் வாய் திறந்து வேண்டாம் எண்டு சொல்றது? அதால நீங்க கேக்கிற விதத்திலயே அவங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்ல இடம் வைக்கோணும். ‘கார் தாறன், எடுக்கிறீங்களா’ எண்டு கேட்டா ஓமெண்டுதான் பதில் வரும். ‘இந்தக் கார் வேணுமா, இல்ல இதை வித்த காசு வேணுமா’ எண்டு கேளுங்கோ, முகத்திலயே பதில் தெரியும்.

பெற்றோலையும் யோசிச்சுப் பாருங்கோ. இல்லத்தில இருக்கிற அப்பு ஆச்சிமாருக்கு முக்கியமான பயணம் பெரியாஸ்பத்திரி கிளினிக். அதுக்கு ஓட்டோ காணும், சொல்லப்போனா ஓட்டோதான் அவங்களுக்கு லேசு, பென்ஸ் சீட் பதிவா இருக்கும், முழங்கால் நோ உள்ள ஒரு ஆச்சியை அதுக்குள்ள இறக்கி ஏத்திப் பாத்தவங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். தூரப் பயணம் எண்டா கண்டி, இல்லாட்டி கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மஹரகம கான்சர் ஆஸ்பத்திரி. கொழும்புக்கு இஞ்சயிருந்து ஒருபக்கம் கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர், லீட்டருக்குப் பத்து எண்டு தாராளமா வச்சாலும் போய்வர 50 லீட்டருக்கு மேல வேணும், அதுவும் அந்த எஞ்சினுக்கு 95 ஒக்டேன்தான் நல்லது. அதே பயணத்துக்கு படுத்துக்கொண்டு போகக்கூடிய மாதிரி ஒரு வானை வாடகைக்குப் பிடிக்கலாம், வருத்தக்காரருக்கும் அதுதான் சுகம்.

இனி மகள் சொன்ன விசயம். அவ சொன்னது பிழையில்ல, ஆனா அது அமெரிக்கச் சட்டம், அங்கயும் வெளியில கதைக்கிற அளவுக்கு லேசில்ல. அங்க பதிவான தர்ம ஸ்தாபனத்துக்குக் காரைக் குடுத்தா அவங்க வந்து இழுத்துக்கொண்டு போவாங்க, பெரும்பாலும் ஏலத்தில வித்திடுவாங்க, 1098-சி எண்டு ஒரு படிவம் தருவாங்க. 2005ல இருந்து அங்க சட்டம் என்னெண்டா, கார் 500 டொலருக்கு மேல வித்துப்போனா, வித்த விலைக்கு மட்டும்தான் வரியில கழிக்கலாம், புத்தகத்தில என்ன விலை போட்டிருந்தாலும் செல்லாது. ஸ்தாபனம் அந்தக் காரைத் தானே வச்சு உண்மையாப் பாவிச்சா, இல்ல பெரிசா திருத்தினா, இல்ல ஒரு வசதியில்லாத ஆளுக்கு சந்தை விலையை விடக் குறைச்சுக் குடுத்தா மட்டும்தான் முழுப் பெறுமதியைக் காட்டலாம். ஏன் இப்பிடி இறுக்கினாங்க எண்டா, அதுக்கு முதல் ஆக்கள் ஓடாத காருக்கெல்லாம் புத்தக விலையைப் போட்டு வரி கழிச்சாங்க, 2003ல அந்த நாட்டு அரச கணக்காய்வு அலுவலகம் சில நன்கொடைகளை எடுத்துத் தேடிப் பாத்தா மூண்டில ரெண்டு பங்குக்கு, வரிக்குக் காட்டின பெறுமதியில 5 வீதமோ அதுக்கும் குறைவோதான் ஸ்தாபனத்தின்ட கைக்குப் போயிருந்துது. வசதியான நாட்டிலயே காரைத் தர்மம் குடுத்தா தர்மத்துக்குப் போறது இவ்வளவுதான் எண்டா நாங்கள் எவ்வளவு யோசிக்கோணும். மற்றது, உங்கட பேர்ல திருகோணமலையில நிக்கிற காருக்கு மகள் அங்க வரி கழிக்க ஏலாது, கார் அவவின்ட இல்ல, இல்லமும் அந்த நாட்டு ஸ்தாபனம் இல்ல. அதை மறந்திடுங்கோ.

எங்கட நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? 2017ம் ஆண்டு 24ம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்ட ஐந்தாவது அட்டவணையில இது இருக்கு. நோயாளர், வசதியில்லாதவங்கள் ஆகியோரை வச்சுப் பராமரிக்கிற, அங்கீகரிக்கப்பட்ட தர்ம ஸ்தாபனம் ஒண்டுக்கு தனிநபர் குடுக்கிற நன்கொடையைக் கழிக்கலாம், ஆனா ரெண்டு விசயத்தை வடிவா கவனியுங்கோ. ஒண்டு, அது காசாக் குடுத்ததா இருக்கோணும். காரோ கட்டிலோ அரிசி மூட்டையோ குடுத்தா இந்தக் கழிவுக்குள்ள வராது. ரெண்டாவது, எவ்வளவு குடுத்தாலும் வரி விதிக்கிற வருமானத்தில மூண்டில ஒரு பங்கு, அல்லது 75,000 ரூபா, இதில எது குறைவோ அதுதான். கடை வாடகையும் வட்டியும் சேத்து, கழிவெல்லாம் போக உங்களுக்கு வருசம் 30 இலட்சம் வருகுதெண்டு ஒரு பேச்சுக்கு வச்சுக்கொள்ளுவம். 2025 ஏப்ரலில இருந்து தனிநபர் விடுகை, அதாவது வரி இல்லாம விடுற பங்கு, 18 இலட்சம், மிச்சம் 12 இலட்சத்தில முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதம். அந்த 18 வீதப் பங்கில 75,000 கழிச்சா உங்களுக்கு மிச்சமாறது 13,500 ரூபா. அவ்வளவுதான். ஆகக் கூடின 36 வீதத்தில வரி கட்டுறவருக்கே 27,000தான் மிஞ்சும். வரிக்காக இந்தத் தர்மத்தைச் செய்யிறதில ஒண்டுமில்ல ஐயா, மனசுக்காகச் செய்யுங்கோ, அந்த 13,500 வந்தா வரட்டும்.

அங்கீகாரம் எண்டதில கன பேர் குழம்பிறாங்க. 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்தின் கீழ சமூக சேவை அமைப்பா பதிஞ்சிருக்கு, பிரதேச செயலகத்தில பதிவு இருக்கு, கமிட்டிக்கு சீல் இருக்கு, லெட்டர்ஹெட் இருக்கு எண்டதெல்லாம் நல்ல விசயம், அது இல்லாத இடத்துக்குக் குடுக்கவே கூடாது, ஆனா அது வரிக்கான அங்கீகாரம் இல்ல. வரிக்கு, அமைச்சர் அந்த ஸ்தாபனத்தின்ட பேரைக் குறிச்சு கெசட்டில அறிவிச்சிருக்கோணும். ‘உங்களுக்கு அந்த கெசட் இருக்கா, ஒரு கொப்பி தாங்கோ’ எண்டு கேட்டாக் காணும், இருக்கிற இடத்தில உடன எடுத்துத் தருவாங்க. இல்லையெண்டா அதுக்காக அந்த இல்லத்தைக் கைவிட வேண்டாம், பதிவும் கணக்கும் ஒழுங்கா இருந்தா 13,500க்காக நல்ல இடத்தை விட்டிட்டு வேற இடம் தேடிப் போறது எனக்குச் சரியாப் படேல்ல.

அரசாங்கத்துக்கு, உள்ளூராட்சி சபைக்குக் குடுக்கிறது வேற வகை. அது காசாவும் குடுக்கலாம் பொருளாவும் குடுக்கலாம், 75,000 எண்ட அந்த எல்லையும் அதுக்கு இல்ல. அதால ஆரும் உங்களுக்கு ‘காரை ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா முழுசாக் கழிக்கலாம்’ எண்டு சொல்லக்கூடும். முப்பது வருசத்துப் பெற்றோல் சலூன் காரை வச்சு ஆஸ்பத்திரி என்ன செய்யும்? வித்த காசில, அங்க ஒரு வாட்டுக்கு என்ன தேவையெண்டு பணிப்பாளரிட்ட எழுத்தில கேட்டு அதை வாங்கிக் குடுத்து, கிடைச்சதெண்டு கடிதம் எடுத்தீங்க எண்டா அது வேற கதை, அது நல்ல யோசனையும் கூட. முதியோர் இல்லத்துக்கு ஒரு பங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு எண்டு பிரிச்சும் குடுக்கலாம்.

விக்கிறதைப் பற்றி உங்கட பயம் எனக்கு விளங்குது. ஆனா இப்ப நிலைமை நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, தனியார் கார் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான், அந்த அஞ்சு வருசத்தில பழைய வாகனத்தைத் துண்டா விக்கிற எண்ணமே ஆக்களுக்கு மாறிப்போச்சு, ஓடுற வண்டிக்குத்தான் கூட விலை. இப்ப இறக்குமதி திறந்தும் வரி அவ்வளவு இருக்கிறதால சாதாரண ஆளுக்குப் புதுக் கார் கைக்கெட்டாது. டபிள்யூ124க்கு எண்டே ஆசைப்பட்டுத் தேடுற ஆக்கள் கொழும்பிலயும் கண்டியிலயும் இருக்கிறாங்க, ஒரிஜினல் பெயின்ட், சேர்விஸ் புத்தகம், ஒரே ஆளின்ட கையில இத்தனை வருசம் இருந்த வண்டி எண்டா தேடிக்கொண்டு வருவாங்க. அப்பிடிப்பட்ட ஒருத்தரிட்ட போனா அந்தக் கார் வடிவா வாழும், இல்லத்து வளவுக்குள்ள ஒரு வருசம் ஓடி மூண்டு வருசம் மாமரத்துக்குக் கீழ நிண்டு கறள் பிடிக்கிறதை நீங்க போற வாற நேரமெல்லாம் பாத்து மனம் நோக வேண்டியதில்ல.

கறள் எண்டதும் ஒண்டு சொல்லோணும். உவர்மலையில எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் அது கடல் காத்துத்தான். உங்கட மொடலுக்குக் கதவுக்குக் கீழ பிளாஸ்டிக் பலகை வச்சிருக்கும், அதுக்குப் பின்னால, ஜக் வைக்கிற இடத்தில கறள் ஒளிச்சிருக்கும், வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது. மாரி மழை தொடங்க முதல் அந்தப் பலகையைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. முடிவெடுக்கிறதுக்கு எவ்வளவு நாள் எடுத்தாலும் பரவாயில்ல, ஆனா வண்டியை சும்மா நிக்க விடாதீங்கோ, கிழமைக்கு ஒருக்கா நம்பிக்கையான ஒருத்தரைக் கொண்டு நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடி வரச் சொல்லுங்கோ, பட்டரியும் பிரேக்கும் ரயரும் தப்பும். ஓடுறதெண்டா இன்சூரன்சும் வருசாந்த லைசன்சும் இருக்கோணும், லைசன்சுக்கு இமிஷன் டெஸ்ட் வேணும், நிண்ட வண்டி அதில விழுந்திடும், முதல் சேர்விஸ் செய்திட்டுப் போங்கோ.

விலை பேச முதல் ஒரு வாகன மதிப்பீட்டாளரிட்ட அறிக்கை எடுங்கோ. செலவைப் பாக்காதீங்கோ, அது உங்கட பாதுகாப்பு, பிறகு கமிட்டியில ஆராவது ‘ஐயா கூட விலைக்கு வித்திட்டு குறைச்சுக் குடுத்தார்’ எண்டு ஒரு வாய்ச்சொல் சொல்ல இடமிருக்காது. கமிட்டிக்குள்ள இருக்கிற ஒருத்தரையே புரோக்கராப் போடாதீங்கோ, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி.

பேப்பர் விசயம்தான் நான் ஆகக் கூடக் கவலைப்படுறது. எங்கட ஊர்ல ஓபன் பேப்பரில, அதாவது வாங்கிறவரின்ட பேர் நிரப்பாத படிவத்தில, கையெழுத்து வச்சு சாவியையும் குடுத்து அனுப்பிறது ஒரு பழக்கமாவே போச்சு, வாங்கிறவர் பிறகு மாத்திக்கொள்ளுவார் எண்டு. மாத்தாட்டி? வண்டி உங்கட பேர்லயே ஓடும். நாளைக்கு மூதூரிலயோ கந்தளாயிலயோ ஒரு அக்சிடன்ட் எண்டா பொலிஸ் முதல்ல வாறது உங்கட படலைக்கு. மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி கைமாறி 14 நாளுக்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கோணும், அதுக்குத்தான் எம்.டி.ஏ 6 படிவம், வாங்கிறவர் தன்ட பேருக்கு மாத்த எம்.டி.ஏ 8. ரெண்டையும் ஒரே நாள்ல நிரப்பி, முடிஞ்சா வாங்கிறவரோட ஒண்டாவே போய்க் குடுங்கோ, ரசீது கொப்பி உங்களிட்ட இருக்கட்டும். எந்த அலுவலகத்தில குடுக்கிறதெண்டு கச்சேரியில இருக்கிற மோட்டார் போக்குவரத்துக் கிளையில முதல்ல கேளுங்கோ, வீணா கொழும்புக்கு அலைய வேண்டி வராது. இன்சூரன்சும் வண்டியோட தானாப் போகாது, அது உங்கட பேர்ல இருக்கிற ஒப்பந்தம், கொம்பனிக்கு எழுதி நிப்பாட்டுங்கோ. காசு பாங்க் டிராவ்டாவோ கணக்குக்கு நேராவோ வரட்டும், கையில வேண்டாம்.

இனி காசைக் குடுக்கிற விதம். இல்லத்தின்ட பேர்ல இருக்கிற பாங்க் கணக்குக்கு மட்டும் செக் எழுதுங்கோ, தலைவரின்ட பேருக்கோ பொருளாளரின்ட பேருக்கோ இல்ல. பதிவிலக்கம் போட்ட ரசீது வாங்குங்கோ. அதோட ஒரு கடிதம் குடுங்கோ, இந்தக் காசு எதுக்கெண்டு. இது முக்கியம் ஐயா. பொதுவாக் குடுத்தா அது அரிசிக் கணக்கில கரைஞ்சு ஒரு வருசத்தில இருந்த இடம் தெரியாது, அதுவும் பிழையில்ல, பசிக்குக் குடுத்ததுதான், ஆனா உங்களுக்கு இது நிலைச்சு நிக்கோணும் எண்ட ஆசை கடிதத்திலயே தெரியுது. ஒரு பேச்சுக்கு 30 இலட்சத்துக்கு வித்து அதை நிலையான வைப்பில போட்டா, 8 வீதம் எண்டு வச்சா வருசம் 2,40,000 வரும், அதில 10 வீதம் வரி பிடிச்சாலும் 2,16,000, மாசம் 18,000. அந்தக் காசில இல்லத்தில இருக்கிற பிரஷர், சீனி வருத்தக்காரருக்கு ஆஸ்பத்திரியில இல்லாத மருந்தை வெளியில வாங்கலாம், கிளினிக் நாளுக்கு ஓட்டோ பிடிக்கலாம். ‘முதல் காசு எடுக்கப்படாது, வட்டி மருந்துக்கும் பயணத்துக்கும் மட்டும்’ எண்டு கடிதத்தில எழுதி, கமிட்டிக் கூட்டத்தில வாசிச்சு கூட்டக் குறிப்பில ஏத்தச் சொல்லுங்கோ. வருசா வருசம் கணக்கறிக்கையில ஒரு கொப்பி கேளுங்கோ, கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல, நல்ல இல்லங்கள் தாங்களாவே அனுப்பும்.

காராவே குடுக்கிறது சரியெண்டு நான் சொன்ன அந்த நிலைமை எதெண்டா, இல்லம் தானே கேட்டு, அவங்களிட்ட ஏற்கனவே சம்பளத்துக்கு ஒரு சாரதி இருந்து, கமிட்டியில கராஜ் வச்சிருக்கிற ஒருத்தர் ‘நான் பாத்துக்கொள்றன்’ எண்டு எழுத்தில சொன்னா. அப்பவும் வயரிங், பிரேக், ரயர், பட்டரி எல்லாம் உங்கட செலவில செய்து, ஒரு வருச இன்சூரன்சும் லைசன்சும் கட்டி, கூடவே பராமரிப்புக்கெண்டு கொஞ்சக் காசும் சேத்துக் குடுங்கோ. கார் இல்லத்தின்ட பேருக்கே மாறோணும். ‘இப்போதைக்குத் தலைவரின்ட பேர்ல போடுவம்’ எண்டு சொன்னா ஓமெண்டு சொல்லாதீங்கோ, தலைவர் மாறும், அவருக்கொண்டு நடந்தா பிள்ளைகள் உரிமை கேட்டு வருவாங்க, அந்த வழக்கில இல்லம் இழுபடும். இல்லம் சட்டப்படி தன்ட பேர்ல சொத்து வச்சிருக்க ஏலாத அமைப்பா இருந்தா, அதுவே காரைக் குடுக்காம விடுறதுக்குப் போதுமான காரணம். சில பேர் பென்ஸைக் கலியாணக் காரா வாடகைக்கு விட்டு இல்லத்துக்கு வருமானம் எடுக்கலாமெண்டும் சொல்லுவாங்க, கேக்க நல்லா இருக்கும், ஆனா சொந்தப் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது, மாப்பிள்ளை பொம்பிளையை ஏத்திக்கொண்டு போகேக்க ஒரு அக்சிடன்ட் எண்டா முழு நட்டமும் இல்லத்தின்ட தலையில.

விக்கிறதெண்டாலும் குடுக்கிறதெண்டாலும் முதல் வேலை ஒண்டு இருக்கு. நீங்க 2001ல லீசிங்கில எடுத்தது எண்டு எழுதியிருக்கிறீங்க. உங்கட சி.ஆரை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, எடுத்து விரிச்சுப் பாருங்கோ, முழு உரிமையாளர் எண்ட இடத்தில இன்னும் அந்த லீசிங் கொம்பனியின்ட பேர் கிடக்குதா எண்டு. கடன் கட்டி முடிஞ்சதெண்டு கடிதம் வாங்கி மேசை லாச்சிக்குள்ள வச்சிட்டு, திணைக்களத்தில அந்தப் பேரை எடுக்காம விட்டிட்ட ஆக்கள் கனபேர். அந்தப் பேர் இருக்கும் வரைக்கும் வேற ஒருத்தருக்கு மாத்த ஏலாது. கொம்பனி இப்பவும் இருந்தா கடன் முடிஞ்ச கடிதத்தோட போய் விடுவிப்புப் பேப்பர் கேளுங்கோ. அது வேற கொம்பனியோட சேர்ந்திருந்தா அந்தப் புதுக் கொம்பனியிட்ட கேக்கோணும், மூடியிருந்தா இந்த நிதிக் கொம்பனிகளை மேற்பார்வை செய்யிற மத்திய வங்கிக்கு எழுதி, இப்ப அதின்ட பொறுப்பு ஆரிட்ட எண்டு கேளுங்கோ. இதுக்கு மாசக் கணக்கில நாள் எடுக்கும், வாங்க ஆள் வந்த பிறகு தொடங்கினா ஆள் போயிடும். அதால மற்ற எல்லாத்துக்கும் முதல் அந்த சி.ஆரையும் பழைய கடிதங்களையும் தேடி எடுத்து, இந்தக் கிழமையே கொம்பனிக்குப் பதிவுத் தபாலில எழுதிப் போடுங்கோ.